பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட மீன்கடை

யோகநாதனைப் படம் எடுக்க முடியாது. கமெராக்காரர் அவர் இருக்கும் மேசைப் பக்கம் திரும்பினால் போதும், குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கிவிடுவார். கலியாணவீடு, பிறந்தநாள், சாமத்தியவீடு, எங்கேயும் இதே கதைதான். மகள் சாம்பவி இதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய ஐந்தாவது பிறந்தநாள் படத்தில் கேக் இருக்கிறது, அம்மா நாகேஸ்வரி இருக்கிறாள், அப்பா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முதுகு இருக்கிறது. பத்தாவது பிறந்தநாளிலும் அதே முதுகு, கொஞ்சம் அகலமாக. இப்போது பல வருடங்களாக அவர் நாடா இல்லாத சப்பாத்துத்தான் போடுகிறார். அதற்காகக் குனிவதை நிறுத்தவில்லை.

ஆகவே யோகநாதனின் முகம் தெரிகிற படம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. வதிவிட அட்டைக்காக எடுத்த படம். அந்தப் படத்தில் சிரிக்கக்கூடாது என்பது பிரெஞ்சுச் சட்டம். யோகநாதன் சட்டம் கேட்டதைவிடக் கூடுதலாகவே சிரிக்காமல் இருந்தார்.

அவர் கோண்டாவில்காரர். கோண்டாவிலில் மீன் சைக்கிள் பெட்டியில்தான் வரும், அதுவும் செத்த பிறகுதான் வரும். மீனோடு அவருக்கு நெருக்கமான பழக்கம் ஏற்பட்டது பாரிசில், ஒரு பிரெஞ்சு உணவகத்தின் நிலக்கீழ்க் குசினியில். கோப்பை கழுவத்தான் போனார். ஒரு நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் சிப்பி உடைக்கிறவர் வேலைக்கு வரவில்லை. தலைமைச் சமையல்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, கையில் ஈரத்தோடு நின்ற இவரைக் கூப்பிட்டு ஒரு கத்தியைக் கொடுத்தார். அன்று யோகநாதன் உடைத்த சிப்பிகளைவிட வெட்டிய தன் விரல்கள்தான் கூட. ஆனாலும் கத்தியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொஞ்ச வருடத்தில் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தே அது எப்போது பிடிபட்டது என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். பிறகு லா சப்பலில், தமிழ்க் கடைகள் நெருக்கியடித்து நிற்கிற தெருவில், தன் பெயருக்கு ஒரு சின்ன மீன்கடை போட்டார்.

விளம்பரம் பற்றி அவருக்குத் திடமான கொள்கை இருந்தது. "நாறுற மீனுக்குத்தான் விளம்பரம் வேணும்" என்பார். அந்தக் கொள்கை நீண்டகாலம் நன்றாகவே ஓடியது, அரியரத்தினம் அதில் கைவைக்கும்வரை.

அரியரத்தினமும் யோகநாதனும் வந்த புதிதில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒரே கட்டில், ஒருவர் இரவு வேலை, மற்றவர் பகல் வேலை, ஆகையால் கட்டில் ஆறியதே இல்லை. அரியரத்தினம் அதே தெருவில் பலசரக்குக் கடை போட்டபோது இரண்டு பேரும் கைகொடுத்து ஒரு ஒப்பந்தம் செய்தார்கள்: மீன் யோகநாதனுக்கு, மீதி எல்லாம் அரியரத்தினத்துக்கு. பல வருடம் கழித்து அரியரத்தினம் பக்கத்துக் கடையையும் எடுத்துப் பெருப்பித்தார். பெருப்பித்த பக்கத்தில் ஒருநாள் ஐஸ் கொட்டினார்கள். ஐஸுக்கு மேலே விளைமீன் படுத்திருந்தது. அன்றோடு பேச்சு நின்றது. யோகநாதன் அந்தக் கடையைத் தாண்டவேண்டி வந்தால் தெருவின் மற்றப் பக்கத்தால் போவார். மற்றப் பக்கத்தில் தெரு திருத்துகிற வேலை நடந்தால் வீட்டிலேயே நின்றுவிடுவார்.

பேச்சு நின்றதை அவர் தாங்கிக்கொண்டார். அரியரத்தினத்தின் டிக்டொக்கைத்தான் தாங்க முடியவில்லை. அரியரத்தினம் ஒரு முழு அறக்குளா மீனைக் குழந்தையைப்போல் கையில் ஏந்திக்கொண்டு, "வாங்கோ வாங்கோ, துள்ளுது பாருங்கோ!" என்று கத்துவார். ஐஸில் விறைத்த அறக்குளா எங்கே துள்ளுவது? அவர்தான் துள்ளுவார். பொபினி, எபினே போன்ற புறநகர்களில் இருந்தெல்லாம் சனம் அந்தத் துள்ளலைப் பார்த்துவிட்டு வந்து அங்கே வாங்கியது. யோகநாதனின் கடையில் சனிக்கிழமைகளில்கூட அவரும் ஐஸும்தான்.

அந்த நேரம் பார்த்துக் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர், குத்தகையை இன்னும் ஒன்பது வருடத்துக்குப் புதுப்பிக்கிறீர்களா, கடையைக் காலிசெய்து திறப்பைத் தருகிறீர்களா, மாத முடிவுக்குள் சொல்லுங்கள் என்று அறிவித்தார்.

"திறப்பைக் குடுத்திட்டு வீட்டிலை இருங்கோ" என்றாள் நாகேஸ்வரி.

"வீட்டிலை இருந்து என்ன செய்யிறது?"

"நான் இவ்வளவு நாளும் என்ன செய்தனான் எண்டு பாருங்கோ."

யோகநாதன் மகளிடம் திரும்பினார். சாம்பவி அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். தொடர்பாடல் துறையில் முதுமாணி. படித்து முடித்த நாளிலிருந்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஐந்து வருடம் என்ன படித்தாய் என்று உறவினர்கள் கேட்டால், "கொம்முனிக்காசியோன்" என்பாள். அதென்ன என்று கேட்டால், அவளால் இரண்டு வசனத்தில் தமிழில் சொல்ல முடிவதில்லை. ஒரு விஷயத்தைச் சனத்துக்குச் சொல்லத் தெரிவதுதான் அந்தப் படிப்பு என்றால், அதையே சொல்லத் தெரியாத தான் எதைத்தான் படித்தேன் என்று மெற்றோவில் நின்றபடி யோசிப்பாள்.

"பிள்ளை, உன்ரை படிப்பாலை இந்த மாசத்துக்குள்ளை கடைக்குச் சனத்தைக் கூட்ட ஏலுமோ? ஏலுமெண்டால் கையெழுத்து வைக்கிறன். இல்லாட்டி அம்மா சொல்லுறமாதிரித் திறப்பைக் குடுக்கிறன்."

"வி, பாப்பா" என்று அப்பாவுக்குப் பிரெஞ்சில் ஓம் சொன்னாள் சாம்பவி. சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

முதலில் காணொளி எடுக்கப் பார்த்தாள். கைபேசியைத் தூக்கியதும் அப்பா மேசைக்குக் கீழே போய்விட்டார். அப்பா இல்லாமல் மீனை மட்டும் கிட்டவாக எடுத்து இன்ஸ்டகிராமில் போட்டாள். பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி மட்டும், அந்த மீனின் கண்ணைப் பார்க்கத் தனக்கு அழுகை வருகிறது, இனி மீனே சாப்பிடமாட்டேன் என்று கீழே எழுதியிருந்தாள். இருந்த ஒரு வாடிக்கையாளரையும் இழந்தது போலிருந்தது சாம்பவிக்கு.

அதன் பிறகு தன் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒழுங்காக யோசித்தாள். பொருளை முன்னுக்கு வைக்காதே, மனிதரை வை என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். மனிதரின் படம் என்று இருப்பது வதிவிட அட்டைப் படம்தான். சரி. வெள்ளி மீனுக்குக் கறுப்புப் பின்னணி எடுப்பாக இருக்கும். அதுவும் சரி. இனி, வாங்குகிறவர்கள் எல்லாம் அப்பா வயதுக்காரர், ஆகவே எழுத்து நல்ல, மரியாதையான தமிழில் இருக்கவேண்டும். அங்கேதான் இடித்தது. ஒரு பெரிய மனிதரை நல்ல தமிழில் எப்படி அறிமுகம் செய்வது?

அவள் வீட்டில் நாள்தோறும் கேட்ட நல்ல தமிழ் ஒன்று இருந்தது. நாகேஸ்வரி காலைத் தேநீரோடு இணையத்தில் மரண அறிவித்தல்களைச் சத்தமாக வாசிப்பாள். யோகநாதன் அந்நேரம் வேலைக்குப் போய்விடுவதால், சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டு பாண் சாப்பிட்டவள் சாம்பவி ஒருத்திதான். அந்தத் தமிழ் அவளுக்குக் கோயில் மணிபோல் மனதில் நின்றது. கடைசியில் வருகிற "காலமானார்" மட்டும்தான் மரணம், அதற்கு முன்னால் வருவதெல்லாம் அறிமுகம் என்று அவள் ஆராய்ந்து முடிவுசெய்தாள். கடைசியை வெட்டிவிட்டு மீனைப் போட்டால் சரி.

வெள்ளிக்கிழமை மாலை, யோகநாதன் பாரை ஒன்றுக்குச் செதில் சுரண்டிக்கொண்டு நிற்க, அவள் வாசித்துக் காட்டினாள்:

"யாழ். கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும், பிரான்ஸ் செவ்ரானை வதிவிடமாகவும் கொண்ட நடராசா யோகநாதன் அவர்கள், காலஞ்சென்ற நடராசா, பரமேஸ்வரி தம்பதிகளின் அன்பு மகனும், நாகேஸ்வரியின் பாசமிகு கணவரும், சாம்பவியின் அன்புத் தந்தையும் ஆவார். அன்னாரின் மீன்கடையில் நாளை அறக்குளாவுக்கு விசேட விலைக்கழிவு."

யோகநாதன் செதில் சுரண்டுவதை நிறுத்தினார். "எங்கையோ கேட்டமாதிரிக் கிடக்கு."

"நல்லாயில்லையோ?"

"சீச்சீ, நல்ல மரியாதையாக் கிடக்கு. அப்பு, ஆச்சியின்ரை பேரையும் போட்டிருக்கிறாய். போடு, போடு."

தன் பெயரோடு அந்த வசனம் வரும் என்று எந்த மனிதன் எதிர்பார்த்துக் கேட்கப்போகிறான்? சாம்பவி கறுப்புப் பின்னணியில் படத்தை வைத்து முகநூலில் போட்டாள். அப்பாவின் கைபேசியிலிருந்த அத்தனை பேருக்கும் வாட்சப்பிலும் அனுப்பினாள். முகநூலும் வாட்சப்பும் நீண்ட எழுத்தை முழுதாகக் காட்டுவதில்லை. முதல் இரண்டு வரியைக் காட்டிவிட்டு, மிச்சத்தை "மேலும் வாசிக்க" என்பதற்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடும். இது சாம்பவி பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கிய விஷயம்.

சனிக்கிழமை காலை நாகேஸ்வரி கைபேசியைத் திறந்தபோது தவறிய அழைப்புகள் பக்கம் பக்கமாக நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரொறன்ரோவிலிருந்து அவளுடைய மாமி எடுத்தாள்.

"ஐயோ நாகேஸ்! என்ரை பிள்ளை! எப்பிடியடி போனவர்?"

"ஆர் மாமி?"

"உன்ரை மனுசன்தான்!"

"அவர் எப்பவும்போல எங்கடை மீன் வானிலைதான் போனவர். மீனெடுக்க."

"ஐயோ, றோட்டிலையே!"

"மாமி, என்ன பேய்க்கதை கதைக்கிறியள்? காலமை என்னோடை சண்டை பிடிச்சுப்போட்டுத்தான் போனவர்."

"கடைசி நேரத்திலை சண்டையும் பிடிச்சனியோடி பாவி!"

மாமி அனுப்பிய பதிவை நாகேஸ்வரி வழக்கமான ராகத்தில் வாசிக்கத் தொடங்கினாள். "நாகேஸ்வரியின் பாசமிகு" என்ற இடத்தில் ராகம் உடைந்தது.

"சாம்பவீ! இதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"கொப்பாவை ஏனடி சாக்காட்டினனி?"

"மே நோன், இல்லையம்மா! 'காலமானார்' எண்டதை நான் எடுத்துப்போட்டனே. அதிலைதான் மீன்விலை போட்டிருக்கு."

"மரண அறிவித்தலை ஆரடி கடைசிமட்டும் வாசிக்கிறது? ஆரெண்டு பாத்தவுடனை அழத்துடங்கிறதுதானே!"

சாம்பவி பதிவை அழித்தாள். அதற்குள் அது படமாகி எங்கெங்கோ போய்விட்டிருந்தது. "என் அப்பா உயிரோடு இருக்கிறார்" என்று புதிதாக ஒன்று எழுதினாள். உடனே கீழே பதில்கள் வந்தன. "ஓம் பிள்ளை, அவர் எங்கள் மனங்களில் என்றும் உயிரோடுதான் இருப்பார்." "மனதைத் தேற்றிக்கொள்ளம்மா." அப்பாவுக்கு அழைப்பு எடுத்துப் பார்த்தாள். மொத்தச் சந்தையில் நிற்கும்போது அவர் கைபேசியை வானிலேயே விட்டுவிடுவார், கைநிறைய மீன். சாம்பவி சப்பாத்தை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது யோகநாதன் கடையைத் திறந்து ஐஸ் பரப்பிக்கொண்டிருந்தார். வாசலில் பொபினி லவன், தூரத்துச் சொந்தம், சாரதிப் பயிற்சி நிலையம் வைத்திருப்பவன், வெள்ளைச் சேர்ட்டோடு ஒரு மலர்வளையத்தைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

"வா லவன். ஆருக்கு வளையம்?"

"உங்களுக்கு, அண்ணை."

"எனக்கென்னத்துக்கு? விலைக்கழிவுதானே போட்டனான், புதுக்கடையோ திறந்தனான்?"

லவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான், சாம்பவி மீதியைச் சொன்னாள். யோகநாதன் மெல்ல மீன்பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"அண்ணை, நாங்கள் ராத்திரியே செத்தவீட்டுத் துடக்கெண்டு மீன், மச்சத்தை நிப்பாட்டிப்போட்டம். சட்டியோடை கிடந்த நண்டுக்கறியைக்கூட பக்கத்து வீட்டுக்குக் குடுத்திட்டம்" என்றான் லவன், நட்டஈடு கேட்கிற குரலில்.

"ஆற்றை கடை நண்டு? என்ரையோ?"

லவன் நிலத்தைப் பார்த்தான். "அரியம் அண்ணையின்ரை."

"அப்ப பறவாயில்லை."

சாம்பவி மலர்வளையத்தை வாங்கி ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். முதுமாணிப் பட்டம் எடுத்து முதல்வேலையாக அப்பாவைக் கொன்றாயிற்று. சொந்தக்காரர் எல்லாம் துடக்குக் காத்து மீனை விட்டுவிட்டார்கள். மீன்கடைக்கு இதைவிட மோசமான விளம்பரம் ஒன்றை யாராவது சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்க முடியுமா?

ஆனால் சனம் வந்தது. முதலில் துக்கம் கேட்க வந்தவர்கள். செத்தவர் உயிரோடு நிற்பதைக் கண்டதும் வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு ஆளுக்கொரு கிலோ வாங்கினார்கள். பிறகு, அவர்களோடு சம்பந்தமே இல்லாத சனம், உருட்டுப் பைகளை இழுத்துக்கொண்டு, வரிசையாக வந்தது. வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. யோகநாதன் வெட்டினார், கழுவினார், சுற்றினார். நெற்றியில் செதில் மினுங்க மகளைப் பார்த்துச் சொன்னார்:

"கொம்முனிக்காசியோன் எண்டால் என்னெண்டு எனக்கு இப்பதான் பிள்ளை விளங்குது. சாகவேணும், அவ்வளவுதான். கையெழுத்து வைக்கலாம்போலை."

சாம்பவி நம்ப ஆசைப்பட்டாள். ஆனால் வரிசையில் நின்ற ஒருவரும் பதிவைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. ஒரு அம்மாவிடம் கேட்டாள்.

"அங்காலை பெரிய கடை பூட்டிக் கிடக்குப் பிள்ளை. அதுதான் இஞ்சை வந்தம்."

அவள் போய்ப் பார்த்தாள். சனிக்கிழமை, லா சப்பல் முழுவதும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நடக்கிற நேரம், அரியரத்தினத்தின் கடைக்கு இரும்புக் கதவு இறக்கிக் கிடந்தது. கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. "எமது நீண்டகால நண்பரும் தொழில் தோழருமாகிய யோகநாதனின் மறைவை முன்னிட்டு இரண்டு மணிவரை கடை பூட்டு." தாளுக்கு மேலே கறுப்பு றிபன்.

திரும்பி வரும்போது இதை அப்பாவிடம் சொல்வதா என்று யோசித்தாள். சொன்னால், வந்த சனம் அவள் கூட்டியது இல்லை என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் அப்பா ஒன்பது வருடத்துக்குக் கையெழுத்து வைப்பார், யாருடைய சனத்தை நம்பி வைக்கிறோம் என்று தெரியாமலே. கடை வாசல்வரை யோசித்தாள். பிறகு அவர் கிட்டப் போய்ச் சொல்லிவிட்டாள். யோகநாதன் கத்தியைக் கீழே வைத்தார். "கறுப்பு றிபனுமோ?" என்று கேட்டார். அவர் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் கைபேசி அடித்தது. நாகேஸ்வரி. அப்பாவின் கை மீனாக இருந்ததால் சாம்பவி கைபேசியின் ஒலிபெருக்கியை அமத்திப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ," நாகேஸ்வரி குசினிக்குள் ஒளித்து நின்று குசுகுசுத்தாள். "அரியம் அண்ணை வந்து இருந்து குழறி அழுறார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க்கறி எண்டு மூண்டு பானை கொண்டு வந்திருக்கிறார், செத்தவீட்டிலை உலை வைக்கக்கூடாதெண்டு. நான் வாயைத் துறக்க விடுறாரில்லை."

பின்னால் அரியரத்தினத்தின் குரல் கேட்டது. "தங்கச்சி, அவன்ரை மீன் மாதிரி இந்தப் பாரிசிலை மீன் இல்லை. என்ரை வீட்டுக்கு நான் அவன்ரை கடையிலைதான் ஆள்விட்டு வாங்கிறனான். இது என்ரை மனுசிக்குக்கூடத் தெரியாது."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யோகநாதன் கைபேசிக்குக் கிட்டக் குனிந்தார்.

"டேய் அரியம்."

மறுபக்கத்தில் மூக்குச் சீறும் சத்தம் நின்றது. "ஆரது?"

"நான்தான்ரா."

"எங்கை... எங்கையிருந்து கதைக்கிறாய்?"

"கடையிலையிருந்து."

மனிதர் என்ன நினைக்கிறார், சந்தோஷமா, கோபமா, மயங்கிவிட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. பிறகு, மெதுவாக:

"கடை துறந்தோ கிடக்கு?"

"ஓம்."

"சனமோ?"

"சரியான சனம்."

"அடேய், அது என்ரை சனமடா!"

தொடர்பு அறுந்தது. அரியரத்தினம் பானைகளையும் விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு லா சப்பலுக்குப் பறந்தார் என்று நாகேஸ்வரி பிறகு சொன்னாள். அவர் வந்து கதவைத் தூக்குவதற்குள் யோகநாதனின் ஐஸில் ஒரு சூடைமீன்கூட மிச்சமில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் அந்தப் பானைகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தன் செத்தவீட்டுச் சாப்பாட்டைத் தானே சாப்பிடலாமா என்பதற்கு நாகேஸ்வரிக்குத் தெரிந்த சாத்திரத்தில் விடை இல்லை. "செத்தவனுக்குப் படைக்கிறது எனக்குத்தானே" என்று யோகநாதன் தட்டை நீட்டினார். கத்தரிக்காய்க்கறி நன்றாக இருந்தது. இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டார்.

அன்று வந்த சனத்தில் பாதி அடுத்த சனிக்கிழமையும் வந்தது. அரியரத்தினத்தின் மீனையும் யோகநாதனின் மீனையும் ஒரே வாரத்தில் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. மாத முடிவுக்கு முன்னால் யோகநாதன் கையெழுத்து வைத்தார். லவன் தன் சாரதிப் பயிற்சி நிலையத்துக்கும் ஒரு பதிவு எழுதித் தரச்சொல்லி சாம்பவியிடம் கேட்டான். "காசு தாறன், ஆனால் என்னைச் சாக்காட்டாமல் எழுது" என்றான். அவள் தன் முதல் வேலையை எடுத்துக்கொண்டாள். இப்போது ஒவ்வொரு பதிவையும் முதலில் அம்மாவிடம் வாசித்துக் காட்டுகிறாள். அம்மாவுக்கு அழுகை வராவிட்டால் போடலாம்.

ஆனால் அரியரத்தினத்தோடு பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

"நன்றி எண்டாவது சொல்லுங்கோவன், பாப்பா."

"எப்பிடிச் சொல்லுறது? 'நான் செத்ததுக்கு வந்ததுக்கு நன்றி' எண்டோ?"

அதில்தான் அவர் மாட்டிக்கொண்டு நிற்கிறார். கலியாணவீட்டுக்கு வந்தவருக்கு அவர் வீட்டுக் கலியாணத்தில் திருப்பிச் செய்யலாம். செத்தவீட்டுச் சாப்பாட்டுக்கு அப்படிச் செய்ய அந்த வீட்டில் ஒரு சாவு விழவேண்டும். அரியரத்தினம் தினமும் உடற்பயிற்சி செய்கிறார், அறக்குளாவைத் தூக்கிக்கொண்டு இப்போதும் துள்ளுகிறார், அவர் நூறு வயது இருக்கவேண்டும் என்றுதான் யோகநாதனும் விரும்புகிறார். தனக்காகக் கடை பூட்டிய அந்த அரைநாள் சனிக்கிழமைக் கடனை என்ன செய்வது?

பானைகளையாவது கொடுத்துவிடலாம் என்றாள் நாகேஸ்வரி. வெறும் பானை கொடுக்கக்கூடாது, ஏதாவது போட்டுத்தான் கொடுக்கவேண்டும்.

"மீனைப் போட்டுக் குடுத்தா, நக்கலெண்டு நினைப்பான்."

"அப்ப மரக்கறி?"

"அதுவும் அவன்தானே விக்கிறான்."

ஆகவே பானைகள் மூன்றும் வானின் பின்பக்கத்தில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் இருக்கின்றன. ஒவ்வொரு சனிக்கிழமையும் செவ்ரானிலிருந்து லா சப்பல் வருகின்றன, வளைவுகளில் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடுகின்றன, பின்னேரம் மீன் மணத்தோடு வெறுமையாகவே வீட்டுக்குத் திரும்புகின்றன.